இல்லை என்று எழுதியவர்

ஆலயத் தலைவர் திரு. தர்மேந்திரன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஈப்போவிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் இந்த மழையில் வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி சரோஜாதேவி தியாகராஜா அவர்களே, மகள் மாதுமை அவர்களே, ஒரு காலத்தில் இந்த ஆத்துமேட்டுத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பத்துமலை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே வாழ்நாள் முழுதும் என் தொழில். இன்று மட்டும் என் சொந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குச் சரியாக வருமா என்று தெரியவில்லை.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "இரங்கல் உரையும் அறிவிப்பும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு என்ன என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தொலைநோக்கிக் கொட்டகையை இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்று ஒரு யோசனை. தொலைநோக்கி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகும். கொட்டகையில் திருவிழாச் சாமான்களை வைத்துக்கொள்ளலாம். தலைவர் இதை என்னிடம் மிகவும் பக்குவமாகத்தான் கேட்டார். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? களைத்துப்போய்விட்டேன், அதனால்தான்.

துக்கத்தில் வந்த களைப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். இது பல வருடக் களைப்பு. முழங்கால் வலி, கொசுக்கடி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிய களைப்பு. ஓடிப்போய் ஒன்றையும் காணாமல் திரும்பிய களைப்பு.

மறைந்த பொறியாளர் திரு. தியாகராஜா அவர்கள் யார்? வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் பேராக் மாநிலத்து ஆறுகளோடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்றதும் கோலாலம்பூருக்குப் போகாமல் நம்முடைய இந்தச் சுங்காய்க்குத் திரும்பி வந்தவர். இந்தத் தோட்டத்தில் அவருடைய தகப்பனார் பெரிய கிராணி. கணக்கு, சம்பளம், பேர்ப்பதிவு எல்லாம் அவர் கையில். என் தாய் மாரியம்மா அதே தோட்டத்தில் மரம் சீவியவர். தியாகராஜா அவர்கள் பங்களாப் பக்கம், நான் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம். பழகிய முதல் நாள் நான் அவரை "ஐயா" என்றேன். அவர் சொன்னார்: "ஐயா எல்லாம் எங்கட அப்பாவோட போகட்டும். அண்ணே எண்டு கூப்பிடுங்கோ, அது காணும்." அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன்.

அந்த அண்ணன் எதைத் தேடினார்? இதை விளக்கி விளக்கி என் நாக்கு தேய்ந்திருக்கிறது, இன்னொரு முறை தேயட்டும். நம்மால் எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில், பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. அப்போது காமா கதிர்கள் ஒரு சில வினாடிகளுக்குப் பீறிட்டு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை மேலே சுற்றும் துணைக்கோள் பிடித்து, "இன்ன இடத்தில் வெடித்தது" என்று உலகத்துக்கே செய்தி அனுப்புகிறது. எங்கள் கைப்பேசிக்கும் வரும். வெடிப்பு அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அது அடங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு வெளிச்சம் மிஞ்சி நிற்கும். பின்னொளி என்பார்கள். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மங்கி மறைந்துவிடும். ஒருமுறை போனால் போனதுதான். அதே இடத்தில் மறுபடி வராது.

இதைப் பெரிய பெரிய நாடுகள் பார்த்துக்கொள்ளாதா, சுங்காயில் இரண்டு கிழவர்கள் பார்த்துத்தான் ஆகவேண்டுமா? இதை நீங்கள் கேட்டீர்கள், நானும் கேட்டேன். அண்ணன் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, அவையளிட்ட பெரிய கண்ணாடி இருக்கு, சரி. ஆனா இப்ப அங்க பகல். இருட்டு எங்க இருக்கு? இங்க இருக்கு. இருட்டு இருக்கிறவன்தானே பார்க்கவேணும்?"

இருட்டு இருந்தது, உண்மை. இருட்டோடு மேகமும் இருந்தது. கிழக்கே மலை, மேற்கே கடல், இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு நமக்கு மேகம் அனுப்பும். மேகம் விட்டால் புகைமூட்டம். புகை விட்டால் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கல்யாண வீட்டு விளக்கு. இத்தனைக்கும் நடுவே வானம் தெளிந்த நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் என்ன கண்டோம்?

ஒன்றும் காணவில்லை. நீதிமன்றப் பழக்கத்தில் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல்: இத்தனை ஆண்டுகளில் ஒரு பின்னொளியைக்கூட நாங்கள் கண்டதில்லை. தியாகராஜா அவர்கள் அதைக் காணாமலேயே போய்விட்டார்.

காணாதபோது என்ன செய்வார்? அதையும் எழுதி அனுப்புவார். "இந்த நேரத்தில் இந்த இடத்தில் தேடினோம். இவ்வளவு மங்கலான வெளிச்சம் வரைக்கும் எங்களால் பார்க்க முடிந்தது. அதுவரைக்கும் ஒன்றும் இல்லை." உலகம் முழுதும் இதைத் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் அது போகும். இல்லை என்று ஒருவன் ஒழுங்காகச் சொன்னால், அந்த வெளிச்சம் எவ்வளவு சீக்கிரம் மங்கியது என்று இன்னொருவன் கணக்குப் போடுவான். அதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத் தியாகராஜா அவர்கள் சம்மதித்தார். யார் சம்மதிப்பார்கள் இதற்கு? சொல்லுங்கள், யார் சம்மதிப்பார்கள்?

கொட்டகை நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். பழைய பெரட்டுக் களம். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: விடியுமுன் தொழிலாளிகள் எல்லாரும் அந்தச் சிமெண்டுத் தரையில் வரிசையாக நிற்பார்கள். கிராணி பேரைக் கூப்பிடுவார். இருப்பவர் "இருக்கேன்" என்பார். அதுதான் பெரட்டு. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது, லயங்கள் போயின, அந்தத் தரை மட்டும் கிடந்தது. தொலைநோக்கி ஆடாமல் நிற்கக் கெட்டியான தரை வேண்டும் என்று அண்ணன் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே எங்கள் வேலையும் ஒரு பெரட்டுதான். செய்தி வந்ததும் தகரக் கூரையைத் தள்ளித் திறப்போம். வானத்தில் அந்தச் சிறு வட்டத்தைப் படம் எடுப்போம். பழைய வானப் படத்தில் அதே வட்டத்துக்குள் இருக்கும் நட்சத்திரங்களுக்கு எண் போட்டிருக்கும். ஒருவர் எண்ணைக் கூப்பிட வேண்டும், புதுப் படத்தைப் பார்ப்பவர் பதில் சொல்ல வேண்டும். "ஏழு." "இருக்கு." "எட்டு." "இருக்கு." கடைசியில், யாரும் கூப்பிடாத ஒரு புள்ளி அங்கே நின்றால், அதுதான் நாங்கள் தேடும் ஆள். கணினி இதை ஒரு நொடியில் செய்யும், செய்தது. ஆனாலும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்காமல் அண்ணன் எதையும் அனுப்பமாட்டார்.

முதல் நாள் அண்ணன்தான் கூப்பிடுவார் என்று நினைத்து நான் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னை எழுப்பிவிட்டார். "எங்கட ஆக்கள் இந்தத் தரையில நிண்டு கூப்பிட்டது போதும், தம்பி. இனி நீங்கள் கூப்பிடுங்கோ. நான் பதில் சொல்லுறன்." பெரிய கிராணியின் மகன் அந்தக் களத்தில் உட்கார்ந்து, மாரியம்மாவின் மகன் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொன்னார். கடைசி வரைக்கும் அந்த ஏற்பாட்டை அவர் மாற்றவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லையா? வந்தது. புகைமூட்டக் காலம் ஒன்றில், விடியற்காலை. கூப்பிட்டுக்கொண்டே வருகிறேன், ஓர் எண்ணுக்கு அண்ணன் "இல்லை" என்றார். நான் சொன்னேன்: "அது எங்க போகும் அண்ணே? புகை மறைக்குதுலா. அங்கதான் இருக்கும். இருக்குன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்."

"தெரியாட்டி இல்லை எண்டுதான் சொல்லவேணும்."

"உங்க அப்பா மாதிரியே பேசுறீங்க அண்ணே."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இங்கே இருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் புரியும். காய்ச்சலில் படுத்தவளுக்குப் பதிலாக இன்னொருத்தி இருட்டுக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். அடுத்த வீட்டு நல்லம்மாளுக்காக என் தாய் எத்தனையோ தடவை அப்படிக் குரல் கொடுத்தவர். பெரிய கிராணி விளக்கைத் தூக்கி முகம் பார்ப்பார். ஆள் இல்லையென்றால் அன்றைய பேர் வெட்டு, கூலி கிடையாது. எங்களுக்கு அது உதவி, அவருக்கு அது மோசடி.

அண்ணன் எழுந்தார். கூரையை மூடிவிட்டுப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரவும் இல்லை. நின்றபடியே சொன்னார்: "தம்பி, யோசிச்சுப் பாத்தனான். ஆளுக்கு இருக்கு எண்டு சொல்லுறது வேற. அது அவையின்ர சோறு. எங்கட அப்பா அதில பிழை விட்டவர். ஆளுக்கெண்டா நானும் சொல்லுவன். வெளிச்சத்துக்குச் சொல்லேலாது. நாங்கள் பொய் சொன்னா, எங்கயோ ஒருத்தன் எங்களை நம்பிப் பிழையான இடத்தில தேடுவான்."

ஆளுக்கு என்றால் நானும் சொல்வேன். அந்தச் சொல்லை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இதே மண்டபத்தில்தான் மாதுமைக்குத் திருமணம் நடந்தது. வரவேற்பு நேரம், இதோ இந்தக் கதவருகே அண்ணன் பட்டு வேட்டியோடு நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் விடுவாரா? சந்தனக் கிண்ணத்தைச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணனின் மனைவி சரோஜா அக்கா வாசல் வரைக்கும் வந்து கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது: "ஒண்டுமில்லாததைப் பாக்கிறதுக்கு இவ்வளவு அவசரமோ?" அன்றைக்கும் ஒன்றும் இல்லைதான். திரும்பி வந்தபோது பந்தி முடிந்திருந்தது. மாதுமைப் பிள்ளை எங்கள் இருவருக்கும் சோறு எடுத்து வைத்திருந்தது. சிரிக்கிறாய் அம்மா, சிரி. இன்று காலையிலிருந்து நீ இப்போதுதான் சிரிக்கிறாய்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். சொல்லுங்கோ என்றார்.

அண்ணனைத் தகனம் செய்து சில நாட்கள் ஆகியிருந்தன. மாலையில் தேவாரம் பாட உறவினர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் அவருடைய கைப்பேசி கிடந்தது. அதை யாரும் அணைக்கவில்லை. அது அடித்தது. என் சட்டைப் பையிலும் அடித்தது. என்னுடையதை நான் அணைத்தேன். அவருடையது அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு நின்றுபோனது.

அக்கா கேட்டார்: "தம்பி, ஏன் இன்னும் இருக்கிறீங்கள்?"

"வேணாம் அக்கா. இன்னைக்குப் போயி அதெல்லாம்... வேணாம்லா."

"அவர் மகளின்ர கலியாணத்திலயே எழும்பிப் போனவர். எழும்புங்கோ. நானும் வாறன்."

துடக்கு வீடு, தீட்டோடு கோயில் பக்கம் போகக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் சொன்னது தவறில்லை. அக்கா கோயில் வாசலை மிதிக்கவில்லை. பனை மரங்களுக்கிடையே டிராக்டர் போகும் சேற்றுப் பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தார். மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. அப்படி ஒரு வானத்தை அண்ணனுக்கு ஒருநாளும் கொடுக்காமல் இருந்துவிட்டு அன்றைக்குக் கொடுத்ததே என்று எனக்குக் கோபம் வந்தது.

கூரையைத் தள்ளினேன். படம் எடுத்தேன். அண்ணனின் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, நான் கூப்பிடும் எண்ணின் வளையத்துக்குள் புள்ளி தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். கூப்பிட ஆரம்பித்தேன். முதல் எண்ணுக்கே என் குரல் உடைந்தது. அவர் குரல் உடையவில்லை. "இருக்கு" என்றார். "இருக்கு." "இருக்கு." ஓரிடத்தில் மட்டும், "மங்கலா நிக்குது, சொல்லலாமோ?" என்று கேட்டார். "தெரிஞ்சா சொல்லுங்க அக்கா." "தெரியுது. இருக்கு."

எல்லாவற்றையும் கூப்பிட்டு முடித்தேன். அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, நீங்கள் கூப்பிடாத ஒண்டு இங்க நிக்குது."

எட்டிப் பார்த்தேன். நின்றது. வட்டத்துக்கு நடுவிலே, தெளிவாக, வெள்ளையாக நின்றது. இத்தனை வருடங்கள் அந்தத் திரையில் நாங்கள் தேடிய புள்ளி. அதற்குள் மாதுமையும் உறவினர்களும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். "வந்துட்டார், அவர்தான் வந்துட்டார்" என்று யாரோ சொன்னார்கள். மாதுமைப் பிள்ளை வாய்விட்டு அழுதது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிடம் நானும் நம்பினேன். நம்ப வேண்டும்போல் இருந்தது.

ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். இரண்டாவது படம் எடுத்தேன், மூன்றாவதும் எடுத்தேன். இரண்டிலும் அந்தப் புள்ளி இல்லை. பின்னொளி அப்படிப் பட்டென்று அணைந்து போகாது. எங்கிருந்தோ வரும் துகள் ஒன்று கேமராவைத் தட்டிவிட்டால், அந்த ஒரு படத்தில் மட்டும் இப்படிப் புள்ளி விழும். எனக்கு அது தெரியும். ஆனால் அத்தனை முகங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் துக்கத்தை மூன்று மொழியில் சொன்னவன், அன்றைக்குப் பேச்சில்லாமல் நின்றேன்.

அக்கா மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைசிப் படத்தைக் காட்டிக் கேட்டார்: "இதில இல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"அப்ப இல்லை எண்டு எழுதுங்கோ, தம்பி."

எழுதினேன். பழக்கத்தில் கீழே அண்ணனின் பேரை முதலில் தட்டினேன். அக்கா என் கையைத் தொட்டார். "அவர் எங்க பாத்தவர்? பாத்தது நான். என்ர பேரைப் போடுங்கோ." தேடினோம், கிடைக்கவில்லை, சரோஜாதேவி, பத்துமலை. அப்படித்தான் அன்று உலகத்துக்குப் போனது. திரும்பி நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடுத்தது எப்ப வரும்?" தெரியாது அக்கா, நாளைக்கும் வரலாம், மூணு மாசமும் ஆகலாம் என்றேன். "வந்தாச் சொல்லுங்கோ" என்றார்.

அன்பர்களே, எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும், தியாகராஜா மறையவில்லை, இதோ நம்மிடையே இருக்கிறார் என்றார்கள். அன்பினால் சொன்னார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தியாகராஜா அண்ணன் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் தேடினேன். அந்த நாற்காலியில் இல்லை, கதவருகே இல்லை, அந்தத் திரையில் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் முதலில் கோபித்துக்கொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

இப்போது அறிவிப்பு. தலைவர் அவர்களே, உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டகையை மூட முடியாது. திருவிழாச் சாமான்களை என் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துக்கொள்ளுங்கள், என் காரை வெளியில் நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த செய்தி வந்தால் போவேன். அக்காவும் வருவார். வீரமாகச் சொல்லவில்லை. களைப்போடுதான் சொல்கிறேன். களைப்பு தீர்ந்தபிறகு போகலாம் என்றால் அந்த வெளிச்சம் நிற்காது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருநாள் என்னால் எழுந்து போக முடியாமல் போகும். அக்காவாலும் முடியாமல் போகும். அன்றைக்கு இந்த மண்டபத்தில் இருக்கும் யாராவது ஒருவர் அந்தக் களத்துக்குப் போய், எங்களுக்குப் பதிலாக இருக்கேன் என்று குரல் கொடுங்கள். என் தாய் நல்லம்மாளுக்குக் கொடுத்தது மாதிரி கொடுங்கள். வெளிச்சத்துக்குத்தான் அப்படிச் சொல்லக்கூடாது. ஆளுக்குச் சொல்லலாம். கிராணி மகனே அனுமதி கொடுத்திருக்கிறார்.

மழை விட்டிருக்கிறது. என் கைப்பேசியை நான் அணைக்கவில்லை. வணக்கம்.